பழைய கார் எஞ்சின்களில் விட்டுவிட்டு வரும் பெட்ரோல் தடை

கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களில், எஞ்சினுக்குப் பெட்ரோல் வருவது சில நேரம் மட்டும் தடைபடும் கோளாறு இது. வண்டி சில கிலோமீட்டர் நன்றாக ஓடும், பிறகு திணறி நிற்கும். சற்று நேரம் கழித்து எதையும் சரிசெய்யாமலே மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெங்களூருவில் அம்பாசடர், பிரிமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற வண்டிகளைப் பராமரிப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

பெட்ரோலின் பாதை

பின்புற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவது பம்ப். எஞ்சினோடு பொருத்திய பம்பில், கேம் ஷாஃப்ட் நெம்பும்போது டயாப்ரம் ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகள் பெட்ரோலைப் பின்னோக்கிப் போகவிடாமல் தடுக்கும். மோரிஸ் மைனர் போன்றவற்றில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் எஸ்.யு. மின்பம்ப் இருக்கும். அடுத்து பெட்ரோல், நீடில் வால்வ் வழியாகக் கார்புரேட்டரின் மிதவை அறையை நிரப்பி, ஜெட் வழியே எஞ்சினுக்குப் போகிறது.

காரணங்கள்

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் ஏறாது. டேங்கில் உதிரும் துருச் செதில்கள் உறிஞ்சுகுழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் அவை கீழே விழுந்துவிடுவதால் வண்டி மறுபடி ஓடும். டேங்குக்கும் பம்புக்கும் இடையே ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், வெளியே ஒரு சொட்டும் கசியாமலே உள்ளே காற்று ஏறும். விறைத்துப்போன டயாப்ரம், சிக்கிக்கொள்ளும் நீடில் வால்வ், மின்பம்பில் கருகிய பாயின்ட் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும்.

பெங்களூருவின் சூழல்

நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு என்பதால் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். நெரிசலில் ஊர்ந்து சூடேறிய எஞ்சினருகே குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதே வேப்பர் லாக். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி கிளம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில்தான் அறிமுகமானது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், டேங்கில் படிந்த பிசினைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுவரும், ஈரத்தையும் ஈர்க்கும். நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடக்கூடும்.

கண்டறியும் முறை

கோளாறு நிகழும் நேரத்திலேயே சோதித்தால்தான் காரணம் பிடிபடும். வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, வண்டியும் கிளம்பினால் காற்றுத்துளையைச் சுத்தம் செய்தால் போதும். அடுத்து மிதவை அறையைப் பார்க்க வேண்டும். அதில் பெட்ரோல் நிறைந்திருந்தால் ஜெட் அடைப்பையோ, சூட்டில் செயலிழக்கும் இக்னிஷன் கண்டென்சரையோ சந்தேகிக்கலாம். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திணறித் திணறி நிற்கும். ஸ்பார்க் போனால் பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடும்.

மிதவை அறை வறண்டிருந்தால், எஞ்சின் ஆறியபின் பம்பின் வெளிக்குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். குமிழிகளோடு வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று ஏறுகிறது. வராவிட்டால் பம்பின் உள்குழாயைத் தனிக் கேனில் இட்டு மறுபடி சோதிக்கலாம். அப்போது சீராக வந்தால் குறை டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது, அப்போதும் வராவிட்டால் பம்பில் இருக்கிறது.

பாதுகாப்பும் சீரமைப்பும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். ஆகவே அடித்தள பார்க்கிங்கில் இந்தச் சோதனை கூடாது. இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, தீயணைப்புக் கருவியை அருகில் வைத்தே வேலை செய்ய வேண்டும். சீரமைக்கும்போது எத்தனால் தாங்கும் குழாயும் டயாப்ரமும் போடுவது அவசியம். துருப்பிடித்த டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் இருக்கும் கார்களே வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். எனவே காரணம் உறுதியாகும் முன் அசல் பம்பையோ கார்புரேட்டரையோ கழற்றி எறியக் கூடாது. பல வண்டிகளில் டேங்க் மூடியைச் சுத்தம் செய்வதும் ஒரு முழம் குழாயை மாற்றுவதுமே போதுமானவை.