நாற்பதில் எண்பது

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இல்லங்களில் இருந்த கணிப்பொறிகள் பலவற்றின் வன்தட்டு 40 மெகாபைட் அளவினதே. விண்டோஸும் ஒரு சொற்செயலியும் குடியேறிய பின், எழுதுவோனுக்கு எஞ்சிய இடம் சிறிதே. புதிய தட்டோ விலை மிகுந்தது. அந்நெருக்கடியில் செல்வாக்குப் பெற்றதே தட்டுச் சுருக்க மென்பொருள்.

அதன் வேர், லெம்பெல், ஸிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் 1977இலும் 1978இலும் வெளியிட்ட கட்டுரைகளில் உள்ளது. முன்பு வந்த எழுத்துத்தொடர் மீண்டும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாது, அது முன்னர் வந்த இடத்தையும் நீளத்தையும் மட்டும் குறித்தல் அம்முறை. கீர்த்தனை நூல்களில் சரணந்தோறும் பல்லவியை முழுதும் அச்சிடாமல், முதற்சொல்லோடு புள்ளியிட்டு நிறுத்தும் வழக்கம் இதற்கு நெருங்கிய உறவு எனலாம்.

கலிஃபோர்னியாவின் ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1990இல் 'ஸ்டாக்கர்' மென்பொருளை வெளியிட்டுப் புகழ் பெற்றது. மைக்ரோசாஃப்ட் அதன் உரிமம் பெறப் பேசியது, பேச்சு முறிந்தது. 1993 ஜனவரியில் ஸ்டாக் வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் 'டபுள்ஸ்பேஸ்' என்னும் சுருக்கியை உள்ளடக்கியே எம்எஸ்-டாஸ் 6.0 வெளிவந்தது. பிறர் தனியே விலைக்கு விற்றது இங்கே உடன்பொருளாயிற்று.

அதனை நிறுவுதல் எளிது, காத்திருத்தல்தான் அரிது. பழைய கணிப்பொறியில் கோப்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி முடிய நெடுநேரமாகும். முடிந்தபின் திரையில் இடம் இருமடங்காய்த் தெரியும். அத்தொகை வெறும் மதிப்பீடே: எழுத்துக் கோப்புகள் நன்கு சுருங்கும், முன்பே சுருக்கப்பட்டவை அசையா. பயனர் 'சி' என்று கண்டது உண்மையில் தட்டு அன்று. 'எச்' என்னும் பெயருக்கு மாறிய மெய்த்தட்டில் மறைந்திருந்த ஒற்றைப் பெருங்கோப்பு. அவர் எழுதியவை யாவும் அதனுள்ளே அடக்கம்.

இடர் அங்கேதான் இருந்தது. எழுதுவதைச் சற்றே தாமதித்து விரைவு கூட்டும் 'ஸ்மார்ட்டிரைவ்' உடன் இயங்கியது. பணி முடிந்ததென்று திரை காட்டியபோதும் தட்டில் முழுதும் பதிந்திராது. அக்கணத்தில் மின்சாரத்தை நிறுத்தினால், சாதாரணத் தட்டில் ஒரு கோப்பு சிதையலாம். இங்கோ அனைத்தையும் தாங்கிய கோப்புக்கே ஊறு நேரலாம். இழந்தோர் முறையிட்டனர். 1993 நவம்பரில் வந்த 6.2 பதிப்பு, பதிவு முடியும்வரை காத்திருக்கவும், 'ஸ்கேன்டிஸ்க்' கொண்டு தட்டைச் சோதிக்கவும் வழி செய்தது. இத்திருத்தம் முதற்பதிப்பிலேயே இருந்திருக்க வேண்டியது.

1994 பிப்ரவரியில் நடுவர் குழு, காப்புரிமை மீறலுக்காக ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. எதிர்வழக்கில் மைக்ரோசாஃப்டுக்கு 1 கோடியே 36 லட்சம் கிடைத்தது. டபுள்ஸ்பேஸ் நீக்கப்பட்ட 6.21 வெளிவந்தது. ஜூனில் இருவரும் சமரசம் கண்டனர், 6.22இல் 'டிரைவ்ஸ்பேஸ்' வேறு முறையுடன் அமர்ந்தது.

பின்னர்த் தட்டுகளின் விலை வீழ்ந்தது. சுருக்கும் தேவையும் ஒழிந்தது. எனினும் அக்காலக் கணிப்பொறியின் தட்டை இன்று எடுத்து ஆராய்வோர், கடிதமும் கவிதையும் இருந்த இடத்தில் அந்த ஒற்றைக் கோப்பையே காண்பர். இன்றைய விண்டோஸ் அதனைத் திறப்பதில்லை. பழைய டாஸைத் தேடிப் பிடிக்க நேரலாம்.