புதுப் பெட்டி, பழைய தண்டவாளம்

புதுக் கோச்சிப் பெட்டி வந்தால் குலுக்கலும் பிந்தலும் தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உறவுகளே, கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

இலங்கையின் முதல் கோச்சி 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. மட்டக்களப்புக்குப் பாதை வந்தது 1928 இல். மாஹோவில் பிரிந்து கல்லோயா, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வந்தது. யுத்தத்தில் நின்றுபோன சேவை 2003 இல்தான் திரும்பியது.

வடக்கைப் பாருங்கள். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்புமுன் ஓமந்தைக்கு அப்பால் புதுத் தண்டவாளம் போட்டார்கள். சென்னையில் செய்த புதுப் பெட்டிகளோடு உத்தரதேவி ஓடத் தொடங்கியது 2019 ஜனவரியில். அதன் பிறகும் அநுராதபுரம்–வவுனியா பழைய பாதை அப்படியே கிடந்தது. 2023 ஜனவரியில் அதை மூடித் திருத்தி, ஜூலையில் திறந்தார்கள்.

காரணம் எளிது. பெட்டிக்கு அடியிலுள்ள வில்லு சின்ன அதிர்வைத்தான் தாங்கும். தண்டவாள மூட்டு தாழ்ந்து, அடிக்கல் இறங்கியிருந்தால் எந்தப் புதுப் பெட்டியும் ஆடும். சாரதி வேகத்தைக் குறைப்பார், நேரம் பிந்தும். குலுக்கலும் பிந்தலும் ஒரே வியாதிதான்.

நம் பாதையில் யானைகளும் கடக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் கோச்சி மோதி 6 யானைகள் செத்தன, கோச்சியும் தடம் புரண்டது. அங்கே வேகம் குறைப்பது நியாயம். அந்த நேரத்தை மற்ற இடங்களில் நல்ல பாதைதான் மீட்டுத் தர முடியும்.

"புதுக் கோச்சி தருகிறோம்" என்று யாரும் வந்தால், "தண்டவாளம் எப்போது?" என்று கேட்போம். சுகமில்லாத உம்மாவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்கள் நாங்கள்தானே.