ஆவாரங்குச்சியும் சவரக்கத்தியும்

பாடினியின் காதழகைச் சொல்ல வந்த பொருநராற்றுப்படை, மயிர் வெட்டும் கத்தரிக்கோலின் கைப்பிடி வளையத்தை உவமையாக எடுத்துக்கொள்கிறது. கரிகாலன் காலத்துப் புலவர் முடிதிருத்துபவரின் கருவியை அத்தனை கூர்ந்து பார்த்திருக்கிறார். கேட்டவர்களுக்கும் அது பழகிய பொருளாக இருந்தால்தானே உவமை எடுபடும்?

முடி வெட்டக் கத்தரி போதும். தாடையை மழிக்க வேறு தரமான உலோகம் வேண்டும். முனை காகிதத்தை விட மெலிந்திருக்க வேண்டும், ஆனாலும் மடங்கக் கூடாது. வெறும் இரும்பு அதற்குத் தாங்காது. அதற்கு உருக்கு தேவை, அந்த உருக்கைக் காய்ச்சும் கலை தென்னாட்டில் வெகுகாலம் இருந்தது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. சேலம் பகுதியில் வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத், 19-ஆம் நூற்றாண்டில் இந்த முறையை விரிவாக எழுதி வைத்தார். சிறு மண்மூசைக்குள் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளைப் போட்டு, எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை உலையில் அடுக்கிக் கரி மூடித் துருத்தி ஊதினால், குச்சியிலும் இலையிலும் உள்ள கரிமம் இரும்பில் ஏறி உருக்காகிவிடும்.

அந்த உருக்குக்கட்டி லண்டனுக்கும் போனது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் ஆய்வுக்கட்டுரை வாசித்தார். அங்கே அதன் பெயர் ‘வூட்ஸ்’. கன்னடத்து ‘உக்கு’ மருவிய சொல் அது என்பார்கள், நம் ‘உருக்கு’க்கும் உறவு. ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி செய்பவர், ஐரோப்பாவின் சிறந்த எஃகை விடவும் இந்திய வூட்ஸையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையில் அச்சிட்டு, அதில் செய்த சவரக்கத்திகளையும் அறுவைக் கருவிகளையும் விற்றார். பிற்பாடு மின்சார ஆய்வில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, இவரோடு சேர்ந்துதான் வூட்ஸின் ரகசியத்தைத் தேடினார். 1820-லும் 1822-லும் இருவரும் எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினார்கள். அந்த எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆவாரங்குச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்த கதை நம் பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டியது.

ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பின்பு, எஃகு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டில் வார்ப்பெஃகின் விலை இறங்கியது. நம் உலைகள் அணைந்தன. ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த கத்திகள் இங்குள்ள முடிதிருத்துபவர்களின் அடப்பம் என்ற கருவிப்பைக்குள் வந்து சேர்ந்தன.

கத்தி எந்த ஊரில் பிறந்தாலும் அதற்கு உயிர் கொடுத்தது தீட்டுபவரின் கைதான். கல்லில் தீட்டும்போது முனை முன்னே போகும். தோல்வாரில் அதற்கு நேர்மாறாக முதுகு முன்னே போக வேண்டும். முனையை முன்னே விட்டால் வாரும் அறுபடும், கூரும் போகும். கத்தியைத் திருப்பும்போதும் முதுகின் மேல்தான் புரட்டுவார்கள். வேலை முடிந்ததும் ஈரம் ஒற்றி, லேசாக எண்ணெய் தடவி மடித்து வைப்பார்கள். பல ஆண்டுக் கைப்பழக்கம் இது.

இந்தத் தீட்டுவேலையே வேண்டாம் என்று வந்தவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் கில்லெட். 1903-இல் அவர் நிறுவனம் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். மறு வருடம் ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு அரசே ரேசர் வழங்க, வீட்டில் தானே மழித்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. முடி வெட்டும் மெஷினும் அக்காலத்தில்தான் மாறியது. கையால் அமுக்கி அமுக்கி ஓட்டியதற்குப் பதிலாக, இல்லினாய் மாநிலத்து லியோ வால் மின்சார மெஷினுக்கு 1919-இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இதிலும் பராமரிப்புதான் பாதி வேலை. பற்களுக்கிடையே சிக்கிய முடியைத் துலக்கி, ஓடும்போது இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விடாவிட்டால் சூடேறி, முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும்.

நம் சலூன்களில் பழைய கத்தியை ஒதுக்கியதற்கு வசதி மட்டும் காரணமில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த விழிப்புணர்வுப் பிரசாரங்கள், சலூனில் புது பிளேடு கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தன. பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்திப்பிடியில் செருகும் பழக்கம் ஊர் ஊராக நிலைத்தது. ரத்தத்தில் பரவும் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கும் அதே காப்புதான். அடுத்த முறை நாற்காலியில் சாயும் முன், உறை பிரிவதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிரிக்காவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்.