நிலவின் பெயர் கொண்ட தனிமம்

ஒரே தனிமம், ஒரே விலங்கு, ஒரே உறுப்பு. ஆயினும் ஆறாண்டு இடைவெளியில் இரு வேறு தீர்ப்புகள். செலினியத்தின் வரலாற்றில் நம்மை ஈர்ப்பது இதுவே.

1817இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் இதனைக் கண்டறிந்தார். புவியின் பெயர் தாங்கிய டெல்லூரியத்தை ஒத்திருந்தமையால், இதற்குக் கிரேக்கரின் நிலவுத் தேவதையான செலினியின் பெயரை இட்டார். இலக்கிய அன்பர்கள் மகிழத்தக்க பெயர்தான். ஆனால் 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளுக்கு மயிர் உதிர்ந்ததும் குளம்பு கழன்றதும், மண்ணிலிருந்து தீவனப் பயிரில் ஏறிய இந்தத் தனிமத்தால் என்று தெளிந்தது. 1943இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த நெல்சனும் துணைவரும் செலினியம் மிகுந்த தீவனத்தை எலிகளுக்கு ஊட்டினர். நெடுநாள் பிழைத்தவற்றுள் சிலவற்றின் நைந்த கல்லீரலில் கட்டிகள் தோன்றின. நஞ்சு என்ற பழியோடு புற்றுநோய்க் காரணி என்ற பழியும் சேர்ந்தது.

1949இல் கிளேட்டன், பாமன் இருவரும் எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் அசோ சாயம் ஒன்றைக் கொடுத்தனர். இடையே சாயத்தை நிறுத்தி, அந்த நாள்களில் தீவனத்தில் செலினியம் கலந்தனர். பின்பு மீண்டும் சாயம். செலினியம் உண்ட எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன! 1957இல் சுவார்ட்சும் ஃபோல்ட்சும், மிகச் சிறிதளவு செலினியம் எலிகளின் கல்லீரல் அழிவைத் தடுப்பதைக் காட்டினர். எனினும் பழைய பழி எளிதில் நீங்கவில்லை. புற்று விளைவிக்கும் பொருளை உணவில் சேர்க்கலாகாது என்று 1958இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. கால்நடைத் தீவனத்தில் செலினியம் சேர்க்க 1974இல்தான் இசைவு கிடைத்தது.

பின்னர் மார்புப் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளிலும் இக்காப்பு தென்பட்டது. ஆனால் இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் எலிகள் உண்டது அன்றாடத் தேவையைப் போல் பல மடங்கு. நம் கருத்தில், மனிதரைப் பற்றிய நம்பிக்கை இங்கேதான் வழுக்கிற்று. 1996இல் கிளார்க் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 200 மைக்ரோகிராம் உண்டோருக்குத் தோல் புற்று குறையவில்லை; புரோஸ்டேட் புற்றோ குறைந்திருந்தது. அதனை உறுதி செய்யவே 2001இல் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரைக் கொண்டு பெருஞ்சோதனை தொடங்கிற்று. பயன் காணாமையால் 2008இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அச்சோதனையின் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வு, உடலில் முன்பே செலினியம் மிகுந்திருந்தோர் மேலும் உண்டபோது கடுமையான புரோஸ்டேட் புற்றின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்றது.