எண்ணிட்ட கற்கள்: இத்தாலியின் வென்சோனே ஊரில் ஒரு நாள்



இத்தாலி என்றதும் நம் மாணவர்கள் உரோமாபுரியையும் பீசாவின் சாய்ந்த கோபுரத்தையும் சொல்வர். மூன்றாவதாகப் பீட்சாவைச் சொல்லிச் சிரிப்பர். நானும் அதற்குமேல் அதிகம் அறிந்தவன் அல்லன். ஜூன் மாத விடுமுறையில் குடும்பத்தோடு வெனிஸ் நகருக்குச் சென்றபோது, அங்குள்ள கூட்டத்தைக் கண்டு மலைத்து, மூன்று நாள்களை நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள ஃபிரியூலி என்னும் நாட்டுப்புறப் பகுதிக்கென ஒதுக்கினோம். கோட்டைகளையும் பழைய தேவாலயங்களையும் காண்பதே எண்ணம். கண்டவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை இடிந்து மீண்டும் எழுந்தவை என்பதை அங்கே போன பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

1976ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இரவு ஒன்பது மணியளவில் ஃபிரியூலியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதன் அளவு ஏறத்தாழ 6.5. மாண்டோர் 990 பேர் அளவில் இருந்தனர். அவர்களில் மிகப் பலர் ஜெமோனா என்னும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். அவ்வட்டார மக்கள் நிலநடுக்கத்தை ‘ஓர்கோலாத்’ என்று அழைக்கின்றனர். மலைக்குள் அடைபட்டுக் கிடந்து, புரளும்போதெல்லாம் நிலத்தை உலுக்கும் அரக்கனின் பெயர் அது.

முதலில் ஜெமோனாவுக்குச் சென்றோம். மலைச்சரிவில் அமைந்த ஊர். உச்சியில் கோட்டை; அதன் கீழே 14ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெருந்தேவாலயம். அதன் முகப்பில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து நிற்கும் புனித கிறிஸ்தோபரின் சிலை ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரம். நிலநடுக்கத்தில் மணிக்கோபுரம் வீழ்ந்தது, முகப்பு தப்பியது. கோபுரத்தை மீண்டும் எழுப்பிவிட்டனர். ஆனால், உள்ளே சென்று தூண்களைப் பார்த்தால் அவை நேராக இல்லை. நிலம் சாய்த்துவிட்ட அந்தச் சாய்வை நிமிர்த்தாமல், அப்படியே வலுவூட்டி நிறுத்தி வைத்திருக்கின்றனர். அதைப் பார்த்த என் மகள், “அப்பா, சாய்ந்த கோபுரம் பீசாவில்தானே?” என்றாள்.

இங்கு ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இத்திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு 1379ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் இன்றும் எஞ்சியுள்ள இத்தகைய ஏடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அதைக் கருதுகின்றனர். அரசர் பெயர்கள் எங்கும் கிடைக்கும். எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாளில் வாழ்வது அரிது.

மறுநாள் தொடர்வண்டியில் அடுத்த ஊரான வென்சோனேக்குச் சென்றோம். இக்கட்டுரை எழுதக் காரணமே அவ்வூர்தான்.

வென்சோனே மிகச் சிறிய ஊர். 13ஆம் நூற்றாண்டு மதிலும் அகழியும் சூழ்ந்த ஊர். 1965இல் இத்தாலிய அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பதினொரே ஆண்டுகளில் ஊர் சிதைந்தது. ஆயினும் மே மாத அதிர்ச்சியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 1338இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பெருந்தேவாலயம் கடுமையாகச் சேதமுற்றும் நின்றுகொண்டிருந்தது. மக்கள் கூடாரங்களில் தங்கி, சுவர்களைத் தாங்கிப் பிடித்துச் சீர்செய்யத் தொடங்கிய வேளையில், செப்டம்பர் மாதத்தின் நடுவில் மீண்டும் நிலம் அதிர்ந்தது. எஞ்சி நின்றதில் பெரும்பகுதி அப்போதுதான் வீழ்ந்தது. குளிர்காலமும் நெருங்கிவிட்டது. பல்லாயிரக்கணக்கானோரை லிஞ்ஞானோ, கிராதோ முதலிய கடற்கரை ஊர்களின் விடுதிகளுக்கு மாற்றினர்.

மனம் தளர்ந்துபோகும் நேரம் அதுவே. இடிபாடுகளை இயந்திரங்களால் வாரி அப்புறப்படுத்திவிட்டு, வேறிடத்தில் புதிய ஊரைக் கட்டிவிடலாம் என்னும் வாதமும் இருந்தது. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. 1968இல் சிசிலித் தீவின் பெலிச்சே பள்ளத்தாக்கில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, ஜிபெல்லீனா என்னும் ஊரைப் பழைய இடத்தில் கட்டாமல் பல கிலோமீட்டருக்கு அப்பால் கட்டினர். பழைய ஊரின் இடிபாடுகள் மீது பிற்காலத்தில் அல்பெர்தோ புர்ரி என்னும் கலைஞர் வெண்காரையைப் பரப்பினார். அது புகழ்பெற்ற கலைப்படைப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் குடியிருக்க முடியாது.

வென்சோனே மக்கள் அவ்வழியை ஏற்கவில்லை. ஊர் இருந்த இடத்திலேயே, இருந்தவாறே எழ வேண்டும் என்று 1977இல் கையெழுத்திட்டு மனு அளித்தனர். வீழ்ந்த தேவாலயத்தின் ஆயிரக்கணக்கான கற்களைப் பொறுக்கியெடுத்துத் திறந்தவெளியில் வரிசையாகப் பரப்பினர். ஒவ்வொன்றையும் அளந்து எண்ணிட்டனர். பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு, இந்தக் கல் எந்தச் சுவரில், எந்த வரிசையில் இருந்தது என்று கண்டறிந்தனர். சிதறிய புதிர்ப்படத் துண்டுகளைக் குழந்தைகள் சேர்ப்பது போன்ற வேலைதான். ஆனால், ஒவ்வொரு துண்டையும் தூக்கவே ஆள்பலம் வேண்டும். மறுகட்டுமானம் 1988இல் தொடங்கியது. 1995இல் தேவாலயம் திறக்கப்பட்டது. இடிந்து பத்தொன்பது ஆண்டுகள்!

ஏன் இத்தனை தாமதம் என்று நானும் முதலில் நினைத்தேன். அதற்கு விடை வரிசையில் இருக்கிறது. முதலில் தொழிற்சாலைகள், அடுத்து வீடுகள், அதன்பின் தேவாலயங்கள் என்பதே ஃபிரியூலி மறுசீரமைப்பின் முறை. இதை வலியுறுத்தியவர் ஊடினே நகரின் பேராயர் அல்ஃபிரேதோ பத்திஸ்தி. வேலை இல்லாவிட்டால் இளைஞர்கள் புலம்பெயர்ந்து போவர்; ஆளில்லாத ஊரில் கோபுரம் எதற்கு? தம் கோவில்களைக் கடைசியில் வைக்கச் சொன்ன சமயத் தலைவரை எண்ணி வியந்தேன். பணமும் அதிகாரமும் தலைநகரிலேயே தேங்கிவிடாமல் வட்டார அரசுக்கும், அங்கிருந்து ஊர்த் தலைவர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதும் வெற்றிக்கு ஒரு காரணம்.

மறுகட்டமைப்புக்காக 1977இல் இயற்றப்பட்ட அதே சட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இடம் தந்தனர். கூடாரங்களில் வாழ்ந்த மக்களிடையே திரட்டப்பட்ட இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் அதன் பின்னணி. அவ்வாறு 1978இல் தோன்றியதே ஊடினே பல்கலைக்கழகம். ஃபிரியூலியின் பண்பாட்டையும் மொழியையும் வளர்ப்பதும் அதன் பணி என்று சட்டத்திலேயே எழுதினர். ஃபிரியூலியன் என்பது இத்தாலியத்தின் அருகில் வாழும் சிறுபான்மை மொழி. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பாதுகாக்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. வென்சோனேயிலுள்ள நிலநடுக்க அருங்காட்சியகத்தின் பெயர் ‘தியேரே மோத்துஸ்’. ‘தியேரே’ என்றால் அவர்கள் மொழியில் நிலம். ஊரின் பெயர்ப்பலகைகளிலும் இரு மொழிகள். தமிழாசிரியன் கண்ணுக்கு இது தப்புமா?

தேவாலயத்தின் உள்ளே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். முழுமை பெறாத சுவரோவியத் துண்டுகள், விளிம்பு சிதைந்த கற்கள். வடுக்களைப் பூசி மறைக்கவில்லை. இவ்வாறு திரும்பக் கட்டியது உண்மையான பழைய கட்டடம் ஆகுமா, நகல்தானே என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. புதிய கற்களால் அச்சு எடுத்தாற்போல் கட்டியிருந்தால் நானும் நகல் என்றே சொல்வேன். இங்கே கல் பழையது, இடம் பழையது, பொறுக்கியெடுத்த கைகளும் அவ்வூர்க் கைகள். எனக்கு அது போதும்.

அருகிலுள்ள புனித மிக்கேல் சிற்றாலயத்தில் வென்சோனேயின் புகழ்பெற்ற பதனுடல்கள் உள்ளன. முதலாவது 1647இல் தேவாலயக் கல்லறையொன்றில் கிடைத்தது. 1807இல் நெப்போலியனும் வந்து பார்த்திருக்கிறார். மருந்தோ பதப்படுத்தலோ இன்றி, கல்லறைச் சூழலே அவ்வுடல்களை உலர்த்திக் காத்ததாம். 1976இல் அவையும் இடிபாட்டில் சிக்கின, பதினைந்து மீண்டன. என் மகள் வாசலிலேயே நின்றுகொண்டாள். வகுப்பில் காட்டுவதற்கு அங்கு நான் படம் எடுக்கவில்லை.

மாலை தொடர்வண்டிக்கு முன் இன்னும் ஓரிடம் பார்த்தோம்: புனித யோவான் தேவாலயம். அதை மட்டும் ஊரார் திரும்பக் கட்டவில்லை. கூரையில்லாத சுவர்கள், சாளரம் இருந்த இடத்தில் வானம். எல்லாவற்றையும் கட்டி முடித்த ஊர், இதனை 1976 விட்டுச்சென்றபடியே வைத்திருக்கிறது. சுவர் நிழலில் இரு சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. என் மகள் அதை எடுத்து எறிந்தாள்.