எட்டுத் தந்தி ஐந்தான கதை

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டல் அறையில் நாங்கள் நாலு பேர் ஒரு பழைய மாண்டலினுக்கு 'பிக்கப்' செய்யக் கிளம்பினோம். காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். கம்பி எத்தனை தடவை அறுந்தது என்று கேட்காதீர்கள்! கடைசியில் ஸ்பீக்கரில் வந்தது கல்யாணி ராகம் அல்ல, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான்.

அந்த டிசம்பரில் மயிலாப்பூரில் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் கச்சேரி கேட்டேன். அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

இரும்புத் தந்தி காந்தப்புலத்தில் அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். இது 1831-ல் ஃபாரடே கண்ட தத்துவம். சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இதை கிடாரில் பொருத்தினார். வாணலி போல இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர்! 1950-ல் லியோ ஃபெண்டர் கட்டை உடல் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1956-ல் அவருடைய கம்பெனியிலிருந்து நாலு ஒற்றைத் தந்தியோடு மின் மாண்டலினும் வந்தது.

நம் கர்நாடக சங்கீதத்துக்கு வருவோம். சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்தி, அதாவது நாலு ஜோடி. நாதம் தட்டியவுடனே செத்துவிடும். கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால், ஜோடி இரண்டும் ஒரே சுருதியில் போய் நிற்க வேண்டும். லேசான காரியமா? ஸ்ரீனிவாஸ் ஜோடியை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். கமகத்துக்கு வழி பிறந்தது. பிக்கப் வந்ததால் ஒரே மீட்டில் பல ஸ்வரங்கள் கேட்டன. ஐந்தாவது தந்தி ஸ்தாயியை விரித்தது.

பாலக்கொல்லுவில் பிறந்த அந்தச் சிறுவன் 1981 டிசம்பர் சீசனில் சென்னையில் முதல் கச்சேரி செய்தபோது, 'இதென்ன சினிமா வாத்தியம்' என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பாலுஸ்வாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலினும் கப்பலேறி வந்ததுதானே? 1998-ல் பத்மஸ்ரீ வந்தது. 2014 செப்டம்பர் 19-ல், 45 வயதில், அவர் மறைந்தார்.

நாங்கள் சத்தத்தைப் பெரிதாக்கப் பார்த்தோம். அவரோ சங்கீதத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக எந்த டிசைனைத் தொட்டாலும் எனக்கு அந்த ரீங்காரம் ஞாபகம் வரும். இன்று லேபில் கம்பி சுற்றும் தம்பி தங்கைகளே, சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வாருங்கள்!