வடசேரி என்று சொல்லிப் பார்

அந்தச் சிரிப்பு உயிரோடு இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில், என் அக்கா மகளின் வாயில் அது பிறந்தது. எல்லோரும் பார்த்தோம். பிறகு மருத்துவர் ஒரு சிறு கருவியால் நெம்பி அதை உரித்தெடுத்துவிட்டார். ஆனால் அங்கே வந்து சேர அது நடந்த வழி நீளம். அந்த வழி கடலில் தொடங்குகிறது.

அவளுக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. எங்கள் அம்மாவுக்கும் அதே இடைவெளி உண்டு. கல்யாணம் நிச்சயமானதும் அதை அடைத்துவிட வேண்டும் என்றாள். "செய்யலாம், முதலில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லி, மருத்துவர் அளவு எடுத்தார். ரோஜா நிறப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, இரும்பு ட்ரேயில் நிரப்பி, பல்வரிசைமேல் அமுக்கினார்.

அந்தப் பொடியின் பெயர் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. சர்காசம் என்ற பாசி குமரிமுனைப் பாறைகளிலும் வளர்கிறது; மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிறவர்கள் அதைக் கட்டக்கோரை என்பார்கள். பாசிக்குள் இருக்கும் இந்தப் பசையை 1880களில் ஸ்காட்லாந்தில் பிரித்துக் காட்டியவர் ஸ்டான்போர்ட் என்ற வேதியியலர். பல் மருத்துவத்துக்கு அது வந்தது போரால். அதுவரை அளவெடுக்க அகர்அகர்தான் பயன்பட்டது. அதுவும் பாசியிலிருந்து வருவதே. ஆனால் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து நின்றபோது ஆல்ஜினேட் அந்த இடத்துக்கு வந்தது. பிறகு நகரவே இல்லை.

தண்ணீர் பட்டதும் பொடியில் உள்ள கால்சியம் பாசிப்பசையோடு பிணைந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் களி உறைவதுபோல உறைகிறது. நம் ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீர் சூடாக இருந்தால் ட்ரே வாய்க்குள் போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும். அதனால் மருத்துவரின் உதவியாளர் குளிர்ந்த தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். எடுத்த அச்சையும் வைத்திருக்க முடியாது. நீர் வற்றிச் சுருங்கும். ஈரத்துணியில் சுற்றி, சீக்கிரமே ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும். ஊற்றிய மாவு இறுகும்போது தொட்டால் கை சுடும். ஆறியபின் உரித்தால் அவள் பற்கள் கல்லாக நிற்கின்றன, நடு இடைவெளியோடு. இரண்டு பிரதி எடுத்தார்கள். ஒன்றைத் தொடாமல் வைத்தார்கள். மற்றது மெழுகுக்குப் போனது.

இனி வருவதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பல் லேபில் ஓர் இளைஞர் சிறு கரண்டி நுனியைத் தீயில் காட்டி, மெழுகைத் தொட்டு, கல்பல்லின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தார். வைப்பதும் சுரண்டுவதுமாக இடைவெளி மூடிக்கொண்டே வந்தது. பல்லுக்கான மெழுகில் பாரஃபினோடு தேன்மெழுகும், பிரேசில் நாட்டுப் பனையோலையில் படியும் கார்னோபா மெழுகும் சேரும். மார்த்தாண்டத்துத் தேனீக்காரர்கள் அடையைப் பிழிந்தபின் உருக்கி எடுக்கிறார்களே, அதே தேன்மெழுகு. பல் மருத்துவம் படிக்க வருகிற பிள்ளைகள் எந்தக் கல்லூரியிலும் முதல் ஆண்டிலேயே மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்யக் கற்கிறார்கள். நோயாளியின் வாயைத் தொடுவதற்கு முன் கை பழக வேண்டும் அல்லவா!

நடுப்பல்லின் அகலம் அதன் நீளத்தில் முக்கால் பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்குவரை இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இடைவெளியை அடைத்தால் பல் அகலமாகும். அகலத்துக்கு ஏற்ப நீளத்தையும் கூட்ட வேண்டும். இளைஞர் ஒரு மில்லிமீட்டர் கூட்டினார். அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெழுகுச் சிரிப்பை வாய்க்கு மாற்ற சிலிகோன் புட்டி. இரண்டு நிற மாவைச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, மெழுகின்மேல் அழுத்தி அச்செடுப்பார்கள். ரப்பர் கையுறையோடு பிசைந்தால் அதிலுள்ள கந்தகம் பட்டு அது இறுகாமலே போய்விடும். அடுத்த முறை அவள் போனபோது, அந்தப் புட்டி அச்சின் உள்ளே பல் நிறப் பசையைத் துப்பாக்கி போன்ற ஒரு குழலால் நிரப்பி, அவள் பற்களின்மேல் பொருத்தி, மூன்று நாலு நிமிடம் பிடித்தார் மருத்துவர். அச்சைக் கழற்றினார். இடைவெளி இல்லாத அவள் எங்களைப் பார்த்தாள். பல்லில் ஊசி இல்லை, ராவல் இல்லை. பல்லின்மேல் ஒரு சட்டை, அவ்வளவே.

இந்தச் சட்டைக்கு ஒரு முன்னோர் உண்டு. 1930களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களின் பற்களுக்கு மெல்லிய ஓடுகள் செய்து, பல்செட் ஒட்டும் பொடியால் ஒட்டிவிடுவார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பற்கள் விழுந்த இடமும் இப்படி மறைக்கப்பட்டது. கேமரா ஓடும்வரைதான் அது நிற்கும். அதை வைத்துச் சாப்பிட முடியாது. நிலைத்து ஒட்டும் வழியை 1955இல் மைக்கேல் புவனகோர் கண்டார். பெயின்ட் நன்றாகப் பிடிக்க இரும்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பதைப் பார்த்து, அதையே எனாமலில் செய்தார். அமிலம் பட்ட எனாமலில் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. பிசின் அவற்றுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்கிறது. பீங்கானையும் அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்று 1983இல் தெரிந்தபின் வெனீர் என்ற மெல்லிய பீங்கான் ஓடு வந்தது. அதன்பின்தான் வெள்ளித்திரைச் சிரிப்பு எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். மருத்துவர் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். "வடசேரி என்று சொல்லிப் பார்" என்றார் மருத்துவர். சொன்னாள். "வெட்டூர்ணிமடம்." சொன்னாள், ஒவ்வொரு 'வ'விலும் பல்நுனி கீழுதட்டில் அழுந்தி இடறியது. "சுசீந்திரம்." அது சரியாக வந்தது.

பல்லும் இதழும் இயைவதால் வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்திருக்கிறது. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டுச் சரிபார்த்தவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்று எங்கள் மாவட்டத்தார் உரிமை கொண்டாடுகிறோம். பல்லின் நீளத்தை உதட்டெழுத்தால் சோதிப்பது இன்று உலகமெங்கும் பல் மருத்துவர்கள் செய்வது. நம் ஆசான் முன்னால் ஓதப்பட்ட இலக்கணம் நாற்காலியில் வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கூடவே வந்திருந்த அம்மா எழுந்து போய்ப் பேத்தியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "பல்லு நல்லாட்டு இருக்கு மக்களே. சிரிப்புதான் உனக்க சிரிப்பு மாதிரி இல்ல" என்றாள். மருத்துவர் கோபப்படவில்லை. வாயில் இருந்த அந்தச் சட்டையையே மெல்ல ராவி, மெழுகில் கூட்டிய அந்த ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக நுனியைக் குறைத்தார். மூலைகளை உருட்டினார். "வடசேரி?" வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்த பெண் இந்த முறை தானாகச் சிரித்தாள். அந்த வடிவத்தையே மறுபடி அளவெடுத்துக்கொண்டு, சட்டையை உரித்தெடுத்தார்கள்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் அவளுக்குக் கணினித் திரையில் ஒரு சிரிப்பைக் காட்டியிருந்தார்கள். பிரேசில் நாட்டு கிறிஸ்டியன் கோச்மன் முறைப்படுத்திப் பரப்பிய டிஜிட்டல் வடிவமைப்பு நல்ல கருவி. முகத்தோடு பல்லைப் பொருத்திப் பார்க்க உதவுகிறது. வாய்க்குள் ஸ்கேன் எடுத்து, அச்சிட்ட மாதிரியில் வேலை செய்தால் பாசியும் ஜிப்சமும்கூட வேண்டாம். ஆனால் திரையில் உள்ள வாய் 'வெட்டூர்ணிமடம்' என்று சொல்லாது. கீழ்வரிசையோடு கடிக்காது. அந்தப் படத்தைப் பார்த்தே அவள் அன்று ஆறு பல்லை ராவ ஒப்புக்கொண்டிருப்பாள். வெனீருக்காக ராவும் எனாமல் அரை மில்லிமீட்டர்தான் என்பார்கள். அந்த அரை மில்லிமீட்டர் இந்தப் பிறவியில் திரும்ப வளராது. எனாமலைச் செய்யும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ராவுவதற்கு முன் வாயில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவளுக்கு ராவவே தேவைப்படவில்லை. சேர்த்தால் போதும் என்பது மெழுகிலேயே தெரிந்திருந்தது. திருத்திய வடிவத்தில் எடுத்த புட்டி அச்சின் பின்பாதியை வெட்டிப் பல்லின் பின்னால் சுவராக வைத்து, இரண்டு பற்களின் ஓரத்திலும் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினை வைத்து, நீல ஒளியில் இறுக்கினார்கள். ஒரே அமர்வில் வேலை முடிந்தது. சில ஆண்டுகளில் நிறம் மங்கும், ஓரம் உடையும். அப்போது மெருகிடவோ மாற்றவோ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தொடாமல் வைத்திருந்த முதல் ஜிப்சம் பிரதியை அவளிடமே கொடுத்தார்கள். அடியில் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறது. இப்போது அது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அதில் நடு இடைவெளி அப்படியே இருக்கிறது.